வீட்டைச் சத்திரமாக்கிய நண்பர்

(பேச்சின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் திருத்தப்பட்டது.)

இன்னைக்கு எபிசோட் ஒரு நண்பரைப் பத்தி. என் நண்பர் இல்லை, காந்தியோட நண்பர்.

காந்தியோட நண்பர்கள்னு சொன்னதும் உங்களுக்கு யார் யார் ஞாபகம் வருவாங்க? நேரு, படேல், நம்ம ராஜாஜி. நான் சொல்லப்போறவர் பேரு அந்த லிஸ்ட்ல வராது. சுசீல் குமார் ருத்ரா. வங்காளி, கிறிஸ்தவர். டெல்லி செயின்ட் ஸ்டீபன்ஸ் கல்லூரியோட பிரின்சிபால். 1925 ஜூன் மாசக் கடைசியில சோலன்ல இறந்துபோனார். அடுத்த மாசமே காந்தி தன்னோட ‘யங் இந்தியா’ பத்திரிகையில அவருக்கு ஒரு அஞ்சலி எழுதினார். சின்னக் கட்டுரைதான். பஸ் ஸ்டாப்ல நின்னுக்கிட்டே படிச்சு முடிச்சுடலாம். நானும் அப்படித்தான் படிச்சேன். படிச்சதுலேர்ந்து ரெண்டு வாரமா என் பழைய ரூம்மேட் ஒருத்தன் ஞாபகத்துக்கு வந்துட்டே இருக்கான். அவன் கதையைக் கடைசியில சொல்றேன். முதல்ல ருத்ரா.

ஒண்ணு முன்னாடியே சொல்லிடறேன். நான் கிறிஸ்தவன் இல்லை. எங்க வீட்டுல வெள்ளிக்கிழமை விளக்கேத்துவாங்க, எனக்கு அதுலயும் பெரிய ஈடுபாடு கிடையாது. மதம்னாலே ஆன்லைன்ல சண்டைதான்னு ஆன பிறகு, அந்தப் பக்கம் போகாம இருக்கறதே நல்லதுன்னு நினைக்கிற ஆள் நான். அப்படிப்பட்ட எனக்கே இந்தக் கதை ஏன் விடமாட்டேங்குதுன்னு யோசிச்சதுதான் இந்த எபிசோட்.

ஒரு ப்ரமோஷன் கதை

ருத்ரா பிறந்தது 1861ல. அப்பா காலத்துலதான் அந்தக் குடும்பம் கிறிஸ்தவத்துக்கு வந்தது. கல்கத்தாவுல படிச்சுட்டு, 1886ல டெல்லிக்கு வந்து செயின்ட் ஸ்டீபன்ஸ்ல ஆசிரியரா சேர்ந்தார். அப்ப அந்தக் கல்லூரி தொடங்கி அஞ்சு வருஷம்தான் ஆகியிருந்தது. கேம்பிரிட்ஜ்லேர்ந்து வந்த ஆங்கிலேய மிஷனரிகள் 1881ல ஆரம்பிச்ச கல்லூரி அது. பிரின்சிபால்னா வெள்ளைக்காரர்தான், அதுல யாருக்கும் சந்தேகமே இல்லை.

பிள்ளைகள் சின்ன வயசா இருக்கும்போதே ருத்ராவோட மனைவி இறந்துட்டாங்க. அவர் தனியா பிள்ளைகளை வளர்த்துக்கிட்டு, பாடம் நடத்திக்கிட்டு, கல்லூரியோட வளர்ந்தார்.

1904ல இங்கிலாந்துலேர்ந்து ஒரு இளம் பாதிரியார் அந்தக் கல்லூரிக்கு வேலைக்கு வர்றார். சி.எஃப். ஆண்ட்ரூஸ். இவர் பேரை நீங்க கேள்விப்பட்டிருக்கலாம். பின்னாடி ‘தீனபந்து’, அதாவது ஏழைகளோட நண்பன்னு இந்தியா பூரா கொண்டாடின மனுஷர். ஆனா 1904ல அவர் இந்தியாவைப் பத்தி ஒண்ணும் தெரியாத ஒரு கேம்பிரிட்ஜ் ஆள். ருத்ரா அவரைவிடப் பத்து வயசு மூத்தவர்.

ரெண்டு பேரும் நண்பர்கள் ஆனாங்க. ஆண்ட்ரூஸ் அந்த வீட்டுலயே பழியா கிடந்தார்னு சொல்லலாம். ஆங்கிலேயர்கள் தங்களுக்குள்ள இந்தியர்களைப் பத்தி என்ன பேசிக்கிறாங்கன்னு அவருக்குத் தெரியும். அந்தப் பேச்சு ஒரு இந்தியரோட மனசுல எப்படி இறங்குதுன்னு ருத்ரா வீட்டுலதான் தெரிஞ்சுக்கிட்டார். இந்தியாவைத் தன் நாடாவே ஆக்கிக் கொடுத்தது ருத்ராதான்னு பிற்காலத்துல அவரே எழுதியிருக்கார்.

1906ல பிரின்சிபால் பதவி காலியாச்சு. இங்கதான் நம்ம ஆபீஸ் கதை மாதிரி ஒண்ணு நடக்குது. ஒரு பக்கம் இருபது வருஷம் வேலை பார்த்த ருத்ரா. இன்னொரு பக்கம் வந்து ரெண்டே வருஷம் ஆன ஆண்ட்ரூஸ். பதவி ஆண்ட்ரூஸைத் தேடி வருது. ஒரு இந்தியரால இவ்வளவு பெரிய கல்லூரியைக் கட்டி மேய்க்க முடியுமான்னு மேலிடத்துல சந்தேகம்.

ஆண்ட்ரூஸ் மாட்டேன்னுட்டார். ருத்ரா இருக்கும்போது நான் அந்த நாற்காலியில உட்கார மாட்டேன்னு உறுதியா நின்னார். ருத்ரா பிரின்சிபால் ஆனார். ஆண்ட்ரூஸ் அவருக்குக் கீழ வேலை பார்த்தார். அது எந்தக் காலம்னு ஒரு நிமிஷம் யோசிங்க. தூத்துக்குடியில வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செஞ்ச அதே 1906. ஒரு ஆங்கிலேயர் ஒரு இந்தியரை மேலதிகாரியா ஏத்துக்கறதுங்கறது அன்னைக்குச் சாதாரண விஷயம் இல்லை.

இந்தக் கதையில எல்லாரும் ஆண்ட்ரூஸைத்தான் பாராட்டுவாங்க. பாராட்ட வேண்டியதுதான். எனக்கு வேற ஒரு கேள்வி. வந்து ரெண்டே வருஷத்துல ஒரு மனுஷனை, தன்னைத் தேடி வந்த பதவியை வேண்டாம்னு சொல்ற அளவுக்கு மாத்தினது எது? ருத்ரா அவருக்கு எந்தப் பிரசங்கமும் பண்ணலை. பாதிரியாருக்கே பிரசங்கம் பண்ண முடியுமா என்ன? சாப்பாடு போட்டார், கூட நடந்தார், மறைக்காம பேசினார். அவ்வளவுதான்.

கப்பல்ல ஏறாத ஆள்

அடுத்து 1914 ஜனவரி. தென்னாப்பிரிக்காவுல காந்தி தலைமையில இந்தியர்களோட போராட்டம் உச்சத்துல இருக்கு. போராட்டத்துல இருந்தவங்கள்ல பெரிய பங்கு தமிழர்கள். தில்லையாடி வள்ளியம்மை சிறைக்குப் போய், காய்ச்சலோட வெளிய வந்து, 1914 பிப்ரவரியில இறந்தாங்களே, அந்தப் போராட்டம்தான். உதவிக்கு இந்தியாவுலேர்ந்து ரெண்டு ஆங்கிலேயர்கள் டர்பன் துறைமுகத்துல வந்து இறங்குறாங்க. அதுல ஒருத்தர் ஆண்ட்ரூஸ். கரையில நின்னவங்க கிட்ட காந்தி யார்னு கேட்டார். கை காட்டினாங்க. அந்த இடத்துலயே குனிஞ்சு காந்தியோட காலைத் தொட்டார். அங்க இருந்த வெள்ளைக்காரப் பத்திரிகைகளுக்குத் தாங்கலை. ஒரு பாதிரியார் ஒரு ஆசியக்காரன் காலைத் தொடறதான்னு கொதிச்சாங்க.

அதுக்கப்புறம் ஆண்ட்ரூஸ் ஃபிஜித் தீவுக்குப் போனார், ரெண்டு தடவை. 1903லேர்ந்து மெட்ராஸ் துறைமுகத்துல நம்ம ஆட்களையும் ஏத்திக்கிட்டுப் போன ஒப்பந்தக் கூலிக் கப்பல்கள் போய்ச் சேர்ந்த இடம் அது. அங்க கரும்புத் தோட்டங்கள்ல பார்த்த கொடுமையை எழுதினார், ஊர் ஊரா பேசினார். 1920 தொடக்கத்துல ஃபிஜியில ஒப்பந்தக் கூலி முறை முடிவுக்கு வந்தது. அதுக்காக உழைச்சவங்கள்ல முக்கியமானவர் அவர்.

ருத்ரா இந்தக் கப்பல் எதுலயும் ஏறலை. டெல்லியில உட்கார்ந்து அட்டெண்டன்ஸ் பார்த்துக்கிட்டு, பரிட்சை நடத்திக்கிட்டு இருந்தார். ஆனா காந்தி தன் அஞ்சலியில இதைப் பதிவு பண்றார். ஆண்ட்ரூஸும் ருத்ராவும் இரட்டைப் பிள்ளைங்க மாதிரின்னு எழுதறார். ஃபிஜியில ஒரு தமிழ்க் கூலிக்காரருக்குக் கிடைச்ச விடுதலையில, டெல்லியில ஒரு வீட்டுச் சாப்பாட்டு மேஜைக்கும் ஒரு சின்னப் பங்கு இருக்குன்னு நான் நம்பறேன்.

அந்தக் கேள்வியும் பதிலும்

இப்ப இந்த எபிசோடோட முக்கியமான இடத்துக்கு வர்றோம்.

காந்தி 1915ல இந்தியாவுக்குத் திரும்பினார். அதுலேர்ந்து டெல்லி வரும்போதெல்லாம் ருத்ரா வீட்டுலதான் தங்குவார். முதல் நாலு வருஷம் பிரச்சினை இல்லை. 1919ல ரௌலட் சட்டம் வருது. விசாரணை இல்லாம ஆளைப் பிடிச்சு உள்ள வைக்கலாம்னு சொல்ற சட்டம். காந்தி சத்தியாகிரகம் அறிவிக்கிறார். மார்ச் 30 அன்னைக்கு டெல்லியிலேயே துப்பாக்கிச் சூடு, உயிர்ப்பலி. ஏப்ரல்ல டெல்லிக்குக் கிளம்பின காந்தியை ரயில்லயே மறிச்சுத் திருப்பி அனுப்பினாங்க. அதாவது, காந்தின்னாலே ஆபத்துன்னு ஆயிடுச்சு.

ருத்ராவோட நிலைமையைப் பாருங்க. அவர் வேலை பார்க்கிறது ஆங்கிலேய மிஷன் கல்லூரியில. அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர். மேல்மட்டத்துல நிறைய ஆங்கிலேய நண்பர்கள். இது எல்லாமே ஒரே நாள்ல போயிடலாம்.

காந்திக்கு இது புரிஞ்சது. அவரே சொல்றார்: என்னால உங்களுக்கும் கல்லூரிக்கும் சங்கடம் வரும், நான் வேற இடம் பார்த்துக்கறேன்.

நேர்மையா சொல்லுங்க. இப்படி ஒரு நண்பர் தானா முன்வந்து “நான் கிளம்பறேன்”னு சொன்னா, நாம என்ன பண்ணுவோம்? “ஐயோ, அப்படியெல்லாம் இல்லை”ன்னு ஒரு வார்த்தை சொல்லுவோம். உள்ளுக்குள்ள அப்பாடான்னு இருக்கும்.

ருத்ரா சொன்ன பதிலோட சாரத்தை என் வார்த்தையில சொல்றேன். என் மதம் மத்தவங்க நினைக்கறதைவிட ஆழமானது. என் கருத்துகள் சிலது என் உயிரோட கலந்தது, ரொம்ப நாள் ஜெபம் பண்ணி வந்து சேர்ந்த கருத்துகள். அது என் ஆங்கிலேய நண்பர்களுக்கும் தெரியும். அவங்க நட்பா, நீங்களான்னு ஒரு நாள் வந்தா, எதை எடுப்பேன்னு எனக்குத் தெரியும். நீங்க என்னை விட்டுப் போகக்கூடாது.

காந்தி விடலை. சரி, என்னைப் பார்க்க விதவிதமான ஆட்கள் வந்துட்டே இருப்பாங்களே, உங்க வீடு சத்திரம் மாதிரி ஆயிடுமேன்னு கேட்கிறார். ருத்ரா சொல்றார்: உண்மையைச் சொன்னா எனக்கு அது பிடிச்சிருக்கு. உங்களை வெச்சுக்கறதுல நாட்டுக்கு ஏதோ கொஞ்சம் சேவை செய்யறேன்னு ஒரு சந்தோஷம்.

இதைப் படிச்சதும் என்னை நிறுத்தினது ஒரு விஷயம். காந்தி கேட்டது ரூம் விஷயம். பதில்ல ருத்ரா ஜெபத்தைப் பத்திப் பேசறார். ரெண்டுக்கும் என்ன சம்பந்தம்? அவருக்கு ரெண்டும் ஒண்ணுதான். காலையில கண்ணை மூடிச் செஞ்ச ஜெபத்துக்கும், ராத்திரி கதவைத் தட்டினவங்களுக்குப் பாய் போட்டுக் கொடுக்கறதுக்கும் நடுவுல அவர் கோடு போடலை. தன் மதத்தை அவர் வெளிய எடுத்துக் காட்டின இடமும் இதுதான். வாதத்துல ஜெயிக்கவோ, ஆள் சேர்க்கவோ எடுக்கலை. ஒரு நண்பரைப் போகாதீங்கன்னு தடுக்க எடுத்தார். அதுக்கான விலையைக் கொடுக்கவேண்டிய ஆளும் அவரேதான்.

சும்மா இருந்தாரா?

இந்த இடத்துல நீங்க ஒண்ணு கேட்கலாம். அமைதியா இருந்தார், அமைதியா இருந்தார்னு சொல்றியே, அமைதிங்கறது நிறைய பேருக்குத் தப்பிச்சுக்கற வழிதானே? பிரச்சினை வந்தா வாயை மூடிக்கிறவனும் அமைதியானவன்தானே?

நியாயமான கேள்வி. காந்தி அதுக்கும் பதில் வெச்சிருக்கார். தீவிரவாதிகள்னு அன்னைக்கு அரசாங்கம் சொன்ன ஆட்கள் மேல ருத்ராவுக்கு அனுதாபம் இருந்தது. அதை அவர் ஊர்வலம் விடலை, ஆனா ஒளிச்சு வைக்கவும் இல்லைன்னு எழுதறார். எனக்கு அந்த வித்தியாசம் ரொம்ப முக்கியமா படுது. பயத்துல மறைக்கிறவன் கிட்ட போய்க் கேட்டா மழுப்புவான். ருத்ரா கிட்ட கேட்டிருந்தா நேராகச் சொல்லியிருப்பார். யாரும் கேட்காதப்ப அதைக் கழுத்துல மாட்டிக்கிட்டு நிக்கலை, அவ்வளவுதான்.

மதத்துலயும் அப்படித்தான். தன் நம்பிக்கையில அவர் உறுதியானவர். ஆனா இந்து மதத்தையும் இஸ்லாமையும் மரியாதையோட பார்த்தார். கிறிஸ்துவை ஏத்துக்காதவங்களுக்கெல்லாம் நரகம்னு ஒதுக்கற கிறிஸ்தவம் அவருடையது இல்லைன்னு காந்தி குறிப்பா எழுதறார். காந்தி அதைக் குறிப்பிட ஒரு காரணம் இருக்கும்னு நினைக்கிறேன். இளம் வக்கீலா பிரிட்டோரியாவுல இருந்தப்ப, அவரைக் கிறிஸ்தவராக்க நிறைய நல்ல மனுஷங்க அக்கறையோட முயற்சி செஞ்சாங்க. ஜெபக்கூட்டத்துக்குக் கூட்டிட்டுப் போனாங்க, புத்தகங்கள் கொடுத்தாங்க. காந்தி தன் சுயசரிதையில அவங்களை அன்போடதான் நினைக்கிறார், ஆனா மாறலை. அந்த அனுபவம் இருந்த ஆளுக்கு, எதுவும் கேட்காம தங்க இடம் கொடுத்த ருத்ரா தனியாத் தெரிஞ்சிருப்பார்.

அந்த வீட்டுல என்னென்ன நடந்தது தெரியுமா? கிலாபத் கோரிக்கை பத்தி வைஸ்ராய்க்குக் காந்தி எழுதின பகிரங்கக் கடிதம் அங்கதான் உருவாச்சு. ருத்ராவும் ஆண்ட்ரூஸும் அதைத் திருத்திக் கொடுத்தாங்க. ஒத்துழையாமை இயக்கம்னு நாம பள்ளிக்கூடத்துல அஞ்சு மார்க் கேள்விக்குப் படிச்சோமே, அது கருவானதே அந்த வீட்டுலதான்னு காந்தி சொல்றார். ஒரு கிறிஸ்தவர் வீட்டுல, முஸ்லிம் மௌலானாக்களும் காந்தியும் உட்கார்ந்து மணிக்கணக்கா பேசறாங்க. வீட்டுக்காரர் ஒரு ஓரமா, வாயைத் திறக்காம, ஆனா ஆர்வமா கேட்டுட்டு இருக்கார்.

ஒரு சிக்கலையும் சொல்லாம விட்டா நான் பொய் சொன்ன மாதிரி ஆயிடும். ஒத்துழையாமைத் திட்டத்துல ஒரு பகுதி, அரசாங்கக் கட்டுப்பாட்டுல இருக்கற கல்லூரிகளை மாணவர்கள் விட்டு வெளியேறணும்னு. திட்டம் கருவானது ஒரு கல்லூரி பிரின்சிபாலோட வீட்டுல! ருத்ரா ராஜினாமா பண்ணலை. 1923 வரைக்கும் பிரின்சிபாலாத்தான் இருந்தார். காந்தி அந்த நட்பை முறிச்சுக்கவும் இல்லை. இறந்த பிறகு எழுதினதுல அதைக் குத்திக்காட்டக்கூட இல்லை. எல்லாத்துலயும் ஒத்துப்போனாத்தான் நண்பன்னு ரெண்டு பேருமே நினைக்கலை போல. ஒரு ஸ்டேட்டஸ் பிடிக்கலைன்னா ப்ளாக் பண்ற நமக்கு இது கொஞ்சம் உறைக்கணும்.

காஷ்மீரி கேட்

போன வருஷம் ஆபீஸ் வேலையா டெல்லி போனப்ப காஷ்மீரி கேட் ஸ்டேஷன்ல மெட்ரோ மாறினேன். மூணு லைன் சந்திக்கிற இடம், கூட்டம் பிதுங்கும். அங்கேர்ந்து நடக்கற தூரத்துலதான் பழைய செயின்ட் ஸ்டீபன்ஸ் கட்டடம் இருக்கு. கல்லூரி 1941ல இடம் மாறிடுச்சு. இப்ப அந்தக் கட்டடத்துல டெல்லியோட தலைமைத் தேர்தல் அதிகாரி அலுவலகம். அப்ப எனக்கு ருத்ராவைத் தெரியாது, பேகைத் தூக்கிக்கிட்டு அடுத்த ரயிலுக்கு ஓடிட்டேன். ஆனா இப்ப யோசிச்சா நல்லாத்தான் இருக்கு. சுதந்திரத்துக்குத் திட்டம் போட்ட ஆளுக்கு இடம் கொடுத்தவரோட கல்லூரியில, இன்னைக்கு ஓட்டர் லிஸ்ட் பார்க்கிறாங்க.

சரி, என் ரூம்மேட்.

வேளச்சேரியில ஒரு மாடி போர்ஷன்ல ரெண்டு பேர் இருந்தோம். பாளையங்கோட்டைப் பக்கத்துப் பையன். ஞாயித்துக்கிழமை காலையில நான் தூங்கிட்டு இருக்கும்போது, சத்தமில்லாம கிளம்பி சர்ச்சுக்குப் போயிட்டு, வரும்போது இட்லி வாங்கிட்டு வருவான். சாப்பிடறதுக்கு முன்னாடி தட்டைப் பார்த்து நாலு செகண்ட் நிப்பான். அதைத் தவிர அவன் நம்பிக்கையைப் பத்தி எனக்கு எதுவும் தெரியாது. அவன் சொன்னதில்லை, நான் கேட்டதுமில்லை.

நான் வேலை பார்த்த ஸ்டார்ட்அப் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் மீட்டிங் போட்டு எங்கள்ல பாதிப் பேரை அனுப்பிடுச்சு. அடுத்த வேலை கிடைக்க அஞ்சு மாசம் ஆச்சு. அஞ்சு மாச வாடகையையும் அவன்தான் கொடுத்தான். “அப்புறம் பார்த்துக்கலாம்ல”ன்னு ஒரே வார்த்தை. வேலை கிடைச்சதும் திருப்பிக் கொடுத்துட்டேன், கணக்கு முடிஞ்சதுன்னு நினைச்சேன்.

வீட்டைக் காலி பண்ணி அட்வான்ஸ் வாங்கப் போன அன்னைக்கு ஹவுஸ் ஓனரோட மனைவி, அந்த அக்கா, பேச்சுவாக்குல சொன்னாங்க. நான் வேலை இல்லாம இருந்தப்ப அவங்க வீட்டுக்காரர் அவனைக் கூப்பிட்டு, வேலை வெட்டி இல்லாத பையனை அனுப்பிடுப்பான்னு சொல்லியிருக்கார். “அவன் போனா நானும் காலி பண்ணிடறேன் அங்கிள்”னு அவன் சொல்லியிருக்கான். அவன் ஆபீஸுக்குப் பக்கத்துல அந்த வாடகைக்கு வேற வீடு கிடைக்காது. இது நடந்ததே எனக்குத் தெரியாது. அவன் என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னதில்லை.

ருத்ராவோட பதிலைப் படிச்சப்ப இதுதான் ஞாபகம் வந்தது. அவனும் ஜெபம் பண்ணிட்டுத்தான் அப்படிச் சொன்னானான்னு கேட்கணும்னு தோணுச்சு. ஒரே ரூம்ல மூணு வருஷம் இருந்துட்டு, ஒருத்தனுக்கு எது ஆழமோ அதைப் பத்தி ஒரு தடவைகூட நான் கேட்கலையேன்னு கொஞ்சம் வெட்கமா இருந்தது. அவன் அமைதியா இருந்தது அவன் குணம். நான் கேட்காம விட்டது என் சோம்பேறித்தனம்.

அவன் இப்ப வேற ஊர்ல இருக்கான். இந்த ரெக்கார்டிங்கை எடிட் பண்றதுக்கு முன்னாடி அவனுக்குப் போன் பண்ணப்போறேன். என்ன பேசினோம்னு இங்க சொல்லமாட்டேன், அது அவனுக்குப் பிடிக்காது.

உங்களுக்கும் இப்படி ஒரு ஆள் இருந்தா, எந்த மதமா இருந்தாலும் சரி, எதுவுமே நம்பாத ஆளா இருந்தாலும் சரி, ஒரு தடவை உட்கார்ந்து கேட்டுப் பாருங்க. அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.